பட்டத்தின் எடை

பொன்னின் மாற்றை அறிய உரைகல் இருக்கிறது. நெல்லை அளக்க மரக்கால் இருக்கிறது. ஒரு பல்கலைக் கழகம் வழங்கும் பட்டத்தின் தரத்தை அளக்க என்ன கருவி இருக்கிறது? புள்ளியியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். ஆதலால், ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், "ஐயா, இந்தக் கல்லூரியின் பி.எஸ்ஸி. உயர்ந்ததா, அந்தக் கல்லூரியின் பி.எஸ்ஸி. உயர்ந்ததா? தாங்கள் கணக்குப் போடுகிறவராயிற்றே, சொல்லுங்கள்" என்று மாணவரும் பெற்றோரும் என்னைக் கேட்பதுண்டு. கேட்பவர்க்கு விடை ஒரு சொல்லில் வேண்டும். ஆனால், எண்களைக் கொண்டு அவ்விடையைத் தேடியவர்களின் வரலாறு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. அதில் அறிஞரும் உண்டு, நாடாளும் தலைவரும் உண்டு, சிறிது மூடி மறைத்தலும் உண்டு. அவ்வரலாற்றையே இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்டேன்.

பட்டம் தேர்வின் வழியே வருவது. ஆகவே, தேர்வில் இடும் மதிப்பெண் எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வியே முதலில் எழுந்தது. அதை முறையாக எழுப்பியவர் அயர்லாந்தில் பிறந்த எட்ஜ்வொர்த் என்னும் பொருளியல் அறிஞர். 1888இலும் 1890இலும் இலண்டன் அரச புள்ளியியல் கழகத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரைகள் இத்துறைக்கு அடிக்கல் எனலாம். வானநூலார் ஒரு விண்மீனின் இருப்பிடத்தைப் பலமுறை அளக்கின்றனர். ஒவ்வொரு முறையும் சிறிது வேறுபாடு காண்கின்றனர். பின்னர்ச் சராசரியை எடுத்துக்கொண்டு, அதில் பிழை எவ்வளவு இருக்கக் கூடும் என்றும் கணக்கிடுகின்றனர். ஒரு மாணவனின் விடைத்தாளையும் அவ்விண்மீனைப் போலக் கருதினால் என்ன என்று எட்ஜ்வொர்த் எண்ணினார். இலத்தீன் உரைநடைப் பகுதி ஒன்றைத் தேர்ந்த தேர்வாளர் பலரிடம் மதிப்பிடச் செய்தார். 28 பேர் மதிப்பெண் இட்டனர். ஒருவர் இட்டது 45. வேறொருவர் இட்டது 100. தாள் ஒன்றே, எழுத்து ஒன்றே.

அவர் எடுத்துக்கொண்ட தேர்வுகளுள் ஒன்று நம் நாட்டவர்க்கு நெருங்கிய தொடர்புடையது. அதுவே இந்திய சிவில் சர்வீஸ் தேர்வு. அந்நாளில் அஃது இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. இந்திய இளைஞன் ஒருவன் அதனை எழுத வேண்டுமாயின், குடும்பத்தின் பொருளைச் செலவிட்டுக் கப்பலேற வேண்டும். அத்தகைய பொதுத் தேர்வுகளில் வெற்றி பெற்றோருள், மூன்றில் ஒரு பங்கினர் முதல் மூன்றில் இரு பங்கினர் வரையே ஐயத்துக்கு இடமின்றித் தேறியவர் என்பது எட்ஜ்வொர்த்தின் கணக்கு. எஞ்சியோர், அதே அளவு திறம் வாய்ந்த வேறொரு தேர்வாளர் குழு அமைந்திருந்தால், பட்டியலில் இடம் பெறாமற் போயிருக்கவும் கூடும். வென்றவர் சிலரின் நிலை இதுவாயின், தோற்றுத் திரும்பியவர் சிலரின் நிலையும் இதுவேயன்றோ!

எட்ஜ்வொர்த்தின் எச்சரிக்கையை அலுவலகங்கள் பெரிதும் பொருட்படுத்தவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சர் பிலிப் ஹார்ட்டாக் அதே கேள்வியை மீண்டும் எடுத்தார். இவர் நம் நாட்டுக் கல்வியை நேரில் அறிந்தவர். கல்கத்தாப் பல்கலைக் கழக ஆணைக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். டாக்காப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தர். இங்கிலாந்து திரும்பிய பின், ரோட்ஸ் என்ற புள்ளியியலாருடன் சேர்ந்து, 1935இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் உள்ள சோதனை ஒன்றை நான் என் வகுப்பில் எப்போதும் கூறுவேன். பள்ளி இறுதித் தேர்வின் வரலாற்று விடைத்தாள்கள் பதினைந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினைந்தும் முன்பு ஒரே மதிப்பெண் பெற்றவை. அவற்றைப் பதினைந்து தேர்வாளர்களிடம் கொடுத்து மதிப்பிடச் செய்தார்கள். ஓராண்டுக்கு மேல் கழிந்த பின், அத்தேர்வாளருள் பதினால்வரிடம் அதே தாள்களை மீண்டும் கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றுள் 92இல், ஒரே மனிதர் ஒரே தாளுக்குத் தாமே முன்பு கூறிய தீர்ப்பை மாற்றிக் கூறினார்! தேர்ச்சி என்றது தோல்வியாயிற்று. தோல்வி என்றது தேர்ச்சியாயிற்று. சிறப்பு என்றது சாதாரணமாயிற்று. பிறரோடு மாறுபடுவதை விடுங்கள். மனிதர் தம்மோடு தாமே மாறுபட்டனர்.

இவ்வாறு ஆடும் மதிப்பெண்களைக் கூட்டி ஒரு கல்லூரியின் தரத்தைக் கூற முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு முடியும். தனி ஒருவன் மதிப்பெண்ணில் நேரும் பிழை சில இடங்களில் கூடியும் சில இடங்களில் குறைந்தும் இருக்கும். பலரைச் சேர்க்கும்போது அவை ஒன்றை ஒன்று ஈடு செய்யும். ஆனால் எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக் கழகம், இலண்டன் பல்கலைக் கழகத்தைப் பின்பற்றி, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிலையமாகவே தொடங்கிற்று. பாடம் சொன்னவை கல்லூரிகள். எடைபோட்டது பல்கலைக் கழகம். எல்லாக் கல்லூரிக்கும் ஒரே தராசு. ஆகவே, ஒரு கல்லூரியின் தரம் என்றால் அதன் தேர்ச்சி விழுக்காடு என்ற எண்ணம் இங்கே எளிதில் வேரூன்றியது. காகிதத்தை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது மாணவர் கொண்ட ஒரு வகுப்பில் முப்பது பேர் தேறினர்; அதாவது நூற்றுக்கு 75. அக்கல்லூரியின் உண்மையான ஆற்றல் சிறிதும் மாறாமலே, தற்செயலின் விளைவால் மட்டும், அந்த எண் அடுத்த ஆண்டு 61 வரை இறங்கலாம். 89 வரை ஏறலாம். நானூறு மாணவர் கொண்ட கல்லூரியிலோ இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 71க்கும் 79க்கும் இடையில் அடங்கிவிடும். மாணவர் தொகை பத்து மடங்கானால் பிழை பத்தில் ஒன்றாகக் குறைவதில்லை. மூன்றில் ஒன்றாகவே குறைகிறது. எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே பிழை சுருங்கும் என்பது விதி. இதனால் நேர்வது என்ன? பட்டியலின் உச்சியில் சிறு கல்லூரிகள் நிற்கும். பட்டியலின் அடியிலும் சிறு கல்லூரிகளே நிற்கும். உச்சியில் இருப்பதைக் கண்டு, "சிறிய கல்லூரியில்தான் நல்ல படிப்பு" என்று சிலர் முடிவு கட்டிவிடுவர். அவர்கள் பட்டியலின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

அமெரிக்க நாட்டில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு கல்லூரியும் தானே கற்பிக்கும், தானே தேர்வு வைக்கும், தானே பட்டமும் தரும். தராசுகள் பல நூறு. ஒவ்வொன்றின் படிக்கல்லும் வேறு. எந்தக் கல்லூரியின் பி.ஏ. உண்மையில் பி.ஏ. என்று மேற்பட்டப் படிப்பு நடத்தும் பெரிய பல்கலைக் கழகங்களுக்கே தெரியவில்லை. அப்பல்கலைக் கழகங்களின் சங்கம் நடுவண் அரசின் கல்விச் செயலகத்தை நாடிற்று. அச்செயலகத்தில் உயர்கல்விக்கென அமர்த்தப்பட்டிருந்தவர் கெண்ட்ரிக் பாப்காக். முன்னர் அரிசோனாப் பல்கலைக் கழகத்தின் தலைவராக இருந்தவர்.

பாப்காக் செய்த வேலை மிக நுட்பமானது. கல்லூரியின் கட்டடத்தையோ நூல்நிலையத்தையோ அவர் முதன்மையாகக் கருதவில்லை. அக்கல்லூரியிற் படித்துப் பட்டம் பெற்றவன், வேறொரு பெரிய பல்கலைக் கழகத்தில் எம்.ஏ. வகுப்பிற் சேர்ந்தால் எவ்வாறு தேறுகிறான் என்று பார்த்தார். அப்பல்கலைக் கழகங்களுக்கு நேரிற் சென்று, பதிவேடுகளைப் புரட்டினார். எம்.ஏ. பட்டத்தை ஓராண்டில் முடிக்கும் ஆற்றலுடன் மாணவரை அனுப்பும் கல்லூரி முதல் வகுப்பு; அதற்கு மேலும் சில மாதங்கள் வேண்டுமாயின் இரண்டாம் வகுப்பு; இரண்டாண்டு வேண்டுமாயின் மூன்றாம் வகுப்பு. எந்தக் கல்லூரியின் பட்டம் உண்மையான பட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டாண்டுப் படிப்பு குறைந்ததோ அது நான்காம் வகுப்பு. இவ்வாறு 344 நிலையங்களை அவர் 1911இல் வகைப்படுத்தினார். பட்டத்தின் எடையை ஆண்டுக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் கூறிய இந்த முறையின் எளிமையை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

குறை இல்லாமலில்லை. மேற்படிப்புக்குச் செல்வோர் எல்லா மாணவரும் அல்லர். கல்லூரியிற் பொறுக்கி எடுத்த சிலர். சில கல்லூரிகளிலிருந்து சென்றவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். நாற்பது பேர் கணக்கே எவ்வளவு ஆடும் என்று சற்று முன் பார்த்தோம். நான்கு பேர் கணக்கைக் கேட்க வேண்டுமா? ஆனால் அப்பட்டியல் வீழ்ந்தது இக்குறையால் அன்று. அச்சுப்படி அலுவலர் சிலருக்கு இரகசியமாக அனுப்பப்பட்டது. அது செய்தித்தாள்களின் கைக்கு எட்டிவிட்டது. இரண்டாம் வகுப்பில் வைக்கப்பட்ட கல்லூரிகளின் தலைவர்கள் கொதித்தெழுந்தனர். கூக்குரல் வெள்ளை மாளிகை வரை கேட்டது. குடியரசுத் தலைவர் டாஃப்ட், 1913இல் பதவியை விட்டு இறங்குமுன், அப்பட்டியலை வெளியிடக் கூடாது என்று ஆணையிட்டார். அடுத்து வந்தவர் உட்ரோ வில்சன். பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தின் தலைவராக இருந்தவர். கல்லூரிகளின் நிறைகுறைகளை அங்குலம் அங்குலமாக அறிந்தவர். அவர் தடையை நீக்குவார் என்று செயலகம் எதிர்பார்த்தது. அவரும் மறுத்துவிட்டார்! கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் வேலை, நெடுங்காலம், அரசின் கையை விட்டுத் தனியார் கைக்குச் சென்றது இவ்வாறுதான்.

அத்தனியாருள் ஒருவர், ஒஹாயோ மாநிலத்து மயாமிப் பல்கலைக் கழகத்தின் தலைவர் ரேமண்ட் ஹியூஸ். 1925இல் அவர் வெளியிட்ட ஆய்வின் முறை மிக எளிது: ஒவ்வொரு பாடத்திலும் புகழ் பெற்ற பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் பாடத்தில் எந்தெந்தப் பல்கலைக் கழகம் சிறந்தது என்று கேட்பது, விடைகளைக் கூட்டி வரிசைப்படுத்துவது. 1966இல் ஆலன் கார்ட்டர் அதே முறையை விரிவாக்கி, 106 பல்கலைக் கழகங்களின் 29 பாடத் துறைகளைப் பற்றி ஏறக்குறைய 4,000 அறிஞர்களின் கருத்தைத் திரட்டினார். கணக்கு வழுவற்றது. ஆயினும் கணக்கிட்ட பொருள் யாது? ஒரு பேராசிரியருக்கு மற்றொரு பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் எழுதிய நூல் தெரியும். அவர் வகுப்பறையில் என்ன செய்கிறார் என்பது தெரியாது. மேலும், தாம் படித்த இடத்தின்மேல் யாருக்குத்தான் பற்று இருக்காது! பழம்பெருமை வாய்ந்த பெரிய துறைகள் மேலும் பெருமை பெற்றன. புகழை அளப்பதில் தவறில்லை. அதற்குத் தரம் என்று பெயர் வைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இத்துறையில் புள்ளியியலின் நேர்மையை நான் முழுமையாகக் கண்டது 2010இல் வெளிவந்த அறிக்கை ஒன்றில். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம், 212 பல்கலைக் கழகங்களில் 62 பாடங்களைச் சார்ந்த 5,000க்கும் மேற்பட்ட முனைவர் பட்டப் படிப்புகளை அளந்தது. எந்தப் பண்புக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்று பேராசிரியர்களைக் கேட்டார்கள். அவர்களுள் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கணக்கிட்டார்கள். மீண்டும் குலுக்கி வேறொரு பாதியைக் கொண்டு கணக்கிட்டார்கள். இப்படி 500 முறை. ஒவ்வொரு முறையும் ஒரு படிப்பின் இடம் மாறிற்று. இரு கோடியிலும் நூற்றுக்கு ஐந்து வீதம் தள்ளிவிட்டு, எஞ்சிய எல்லையை அப்படியே அச்சிட்டார்கள். இப்படிப்பு ஐந்தாம் இடத்திலிருந்து இருபதாம் இடத்துக்குள் எங்கோ இருக்கிறது என்று சொல்வது போன்ற விடை! படித்தவர் பலர் எரிச்சலடைந்தனர். எனக்கோ, எட்ஜ்வொர்த்தின் விண்மீன் மீண்டும் தோன்றியது போன்ற மகிழ்ச்சி.

மக்கள் விரும்புவது வேறு. 1983இல் ஓர் அமெரிக்க வார இதழ் தொடங்கிய கல்லூரி வரிசை அங்கே ஆண்டுத் திருவிழா போல ஆகிவிட்டது. அதில் 2ஆம் இடத்தில் இருந்த கொலம்பியாப் பல்கலைக் கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தேடியஸ், 2022இல், தம் பல்கலைக் கழகம் அனுப்பிய எண்களைத் தாமே சரிபார்த்தார். இருபதுக்கும் குறைந்த மாணவர் கொண்ட வகுப்புகள் நூற்றுக்கு 82.5 என்று பல்கலைக் கழகம் கூறியிருந்தது. அது பொருந்தாது என்று அவர் காட்டினார். பின்னர்ப் பல்கலைக் கழகமே வெளியிட்ட எண் 57. சில விவரங்களைப் பழைய அல்லது தவறான முறைகளிற் கணக்கிட்டதாக அது ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு வரிசையில் 18ஆம் இடத்துக்கு இறங்கியது. ஓராண்டுக்குள் அங்கே ஆசிரியர் மாறவில்லை, நூல்நிலையம் மாறவில்லை, மாணவர் மாறவில்லை. நம் நாட்டிலும் 2015இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தரவரிசை, 2016 முதல் வெளிவரத் தொடங்கியது. அதில் நிலையங்களின் மதிப்பெண் இரண்டு தசம இலக்கம் வரை அச்சிடப் பெற்றது. அவ்விலக்கங்களைக் காணும்போது, பிழையின் எல்லை எங்கே என்று என் கண் தேடுகிறது. தொழிற் பழக்கம்!

இனி, எல்லாவற்றிலும் கடினமான கேள்விக்கு வருகிறேன். ஒரு கல்லூரியிற் படித்தவர் பிற்காலத்தில் உயர்ந்தார்கள் என்றால், அவர்களை உயர்த்தியது கல்லூரியா? உயரக் கூடியவர்களே அங்குப் போய்ச் சேர்ந்தார்களா? நல்ல விதையைத் தானே பொறுக்கி விதைத்துக்கொள்ளும் நிலத்தின் விளைச்சலைப் பார்த்து, மண்ணின் வளத்தைக் கூற முடியுமா?

1952இல் நாப், குட்ரிச் என்ற இருவர், 1924க்கும் 1934க்கும் இடையில் பட்டம் பெற்ற ஆடவருள் ஆயிரத்துக்கு எத்தனை பேர் விஞ்ஞானிகள் ஆயினர் எனக் கல்லூரிவாரியாகக் கணக்கிட்டனர். பெரும் புகழ் வாய்ந்த பல்கலைக் கழகங்களை விட, ரீடு கல்லூரி போன்ற சிறு கல்லூரிகள் முன்னணியில் நின்றன. எல்லோரும் வியந்தனர், அக்கல்லூரிகளின் கற்பிக்கும் முறையைப் புகழ்ந்தனர். பத்தாண்டு கழித்து அலெக்ஸாண்டர் ஆஸ்டின், அங்குச் சேர்ந்த மாணவர்கள் சேரும்போதே எத்தகைய ஆற்றல் உடையவர், எந்தப் பாடத்தை விரும்பியவர் என்பதையும் கணக்கிற் சேர்த்தார். அவ்வளவுதான், வியப்பின் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

இதினும் நுட்பமான ஒப்பீட்டை 2002இல் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்னும் இரு பொருளியலார் செய்தனர். 1976இல் கல்லூரியிற் சேர்ந்த மாணவரை எடுத்துக்கொண்டனர். இருவர் ஒரே வகையான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தனர். இருவருக்கும் அங்கெல்லாம் இடம் கிடைத்தது. ஒருவர் பெரும் புகழுடைய கல்லூரிக்குச் சென்றார். மற்றவர், தம் காரணங்களால், புகழ் குறைந்த கல்லூரிக்குச் சென்றார். விண்ணப்பத்தைப் படித்தவர்கள் இருவரிடமும் ஒரே தகுதியைக் கண்டிருக்கின்றனர். வேறுபட்டது சென்ற இடம் மட்டும். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1995இல், இத்தகையோரின் ஊதியத்தை ஒப்பிட்டனர். சராசரியில் வேறுபாடு காணப்படவில்லை. புகழுடைய கல்லூரி அளித்ததாக நாம் எண்ணியதை, மாணவரே தம்மோடு கொண்டு சென்றிருந்தனர்.

இதைக் கேட்டு, எந்தக் கல்லூரியிற் சேர்ந்தால் என்ன என்று நம் மாணவர் எழுந்துவிட வேண்டாம். அந்த ஆராய்ச்சியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. இந்நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுட் பலருக்கு அவ்விலக்குத்தான் முக்கியம். வருவாய் குறைந்த குடும்பத்திலிருந்து வந்த மாணவர், சிறந்த கல்லூரியிற் படித்ததனால் உண்மையாகவே கூடுதல் ஊதியம் பெற்றனர். அவ்விருவரே 2014இல், அரசின் ஊதியப் பதிவேடுகளைக் கொண்டு, இன்னும் நீண்ட காலத்துக்கு இதனை மீண்டும் ஆராய்ந்தனர். பெரும்பாலோர் வகையில் பழைய முடிவே நின்றது. கறுப்பின மாணவர், ஸ்பானிய வழி வந்தவர், கல்லூரிப் படிப்பு இல்லாத பெற்றோரின் மக்கள் ஆகியோர் வகையில், கல்லூரியின் தரத்தால் விளைந்த ஆதாயம் கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. தாயும் தந்தையும் கல்லூரிப் படியை மிதித்தறியாத வீட்டிலிருந்து ஒரு பெண்ணோ பிள்ளையோ விண்ணப்பத்தாளோடு என்னிடம் வந்தால், நான் மற்றவர்க்குச் செலவிடுவதை விட அதிக நேரம் செலவிட்டு, அந்த இரு கல்லூரிகளின் எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.